மழலையும் எண்ணும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் பயிற்றுந் தொழிலுடைய யான் எண்ணைப் பற்றிப் பேச எழுந்தது உங்களுட் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். கணக்காசிரியர் இருவர் இவ்வவையிலேயே வீற்றிருக்கின்றனர். அவர்கள் பேசவேண்டிய பொருளை யான் பறித்துக்கொண்டதாக எண்ணற்க. எண்ணையும் எழுத்தையும் வேறுபிரித்துப் பேசும் வழக்கம் நம் முன்னோர்க்கு இருந்ததில்லை. வள்ளுவனார் அவ்விரண்டையுஞ் சேர்த்தே மக்களுக்குக் கண்ணென்று கூறிப்போந்தார். அன்றியும், யான் பேசப்போவது பெரிய கணிதத்தைப் பற்றியதன்று. இரண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லி மகிழ்கின்றதே, அம்மகிழ்ச்சியை நாம் எவ்வாறு காத்தல் வேண்டும் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதனைப் பேசுதற்கு ஒரு காரணம் உண்டு. என் தமக்கையாருக்கு ஒரு பேத்தி இருக்கின்றாள். வயது இரண்டரை. அவளுடைய தாயுந் தந்தையும் விடியுமுன்னரே ஜீப்பு ஏறிக் கம்பமெட்டு வழியாக மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்றுவிடுவர். மாலையில் விளக்கேற்றும் நேரத்தில்தான் திரும்புவர். பகலெல்லாம் குழந்தை பாட்டியின் கையில். வீட்டுப் படிகளை ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணுவாள். ஜீப்பின் சக்கரங்களை எண்ணுவாள். பின்புறத்தில் மாட்டியுள்ள மாற்றுச் சக்கரத்தையும் விடமாட்டாள். அவளுடைய பாட்டனார் நாள்தோறும் காலையில் செய்தித்தாளில் முல்லைப்பெரியாற்று அணையின் நீர்மட்டத்தை உரக்கப் படிப்பது வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த நமக்கு அது பஞ்சாங்கம் பார்ப்பதை ஒத்தது. 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் அந்த அடிக்கணக்கை நம்பியன்றோ கிடக்கின்றது! அதைக் கேட்டுக் கேட்டு, சோறு வேண்டுமா என்றால் ‘நூற்று முப்பத்தாறு’ என்பாள். போதுமா என்றால் ‘நூற்று நாற்பத்திரண்டு’ என்பாள். உச்சநீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் நிறுத்திவைத்த அளவு அவள் வயிற்றுக்கும் எல்லையாயிற்று!

இச்செய்தி எவ்வாறோ நம் சங்கக் காரியதரிசி அவர்களின் செவிக்கு எட்டியது. “ஆண்டுவிழாவில் குழந்தையை மேடையேற்றி ஒன்று முதல் நூறு வரை சொல்லச் செய்வோம்; வெள்ளிப் பதக்கம் அணிவிப்போம்” என்று அன்போடு கேட்டார். யான் ‘வேண்டா’ என்றேன். அவர் முகம் வாடியது. ‘நம் குலத்துக் குழந்தை ஒன்றைச் சிறப்பித்தலில் என்ன குற்றம்?’ என்று வினவினார். அவர் வினவியது முறையே. விடை சொல்லக் கடமைப்பட்டவன் யான். அவ்விடையை அவர் ஒருவர்க்கு மட்டும் சொல்லாமல், உங்கள் அனைவர் முன்னிலையிலும் சொல்வதே தக்கதென்று கருதினேன். ஏனெனின் அது என் பிழையைப் பற்றியது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் விழாவொன்றில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேற்றப்பட்டது உங்களுட் சிலர்க்கு நினைவிருக்கலாம். அவன் நூறு வரை தடையின்றிச் சொல்வான். கடைப்பலகைகளிலும் பேருந்துகளிலும் உள்ள எண்களை யெல்லாம் படிப்பான். அவனைக் கண்டுபிடித்து மேடைக்கு அழைத்துவந்தவன் யானே. நூறு வரை சொன்னான், அவை கைதட்டியது. அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆர்வ மிகுதியால் யான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, ‘இனி நூறிலிருந்து பின்னோக்கிச் சொல் பார்ப்போம்’ என்றேன். அவன் அதுவரை அப்படிச் சொல்லிப் பழகியதில்லை. ‘நூறு’ என்று தொடங்கி நின்றான். அவையில் யாரோ சிரித்தனர். சிரிப்புப் பரவியது, தீய சிரிப்பன்று, குழந்தையைக் கண்டு மகிழுஞ் சிரிப்பே. ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அவ்வேறுபாடு தெரியுமா? அவன் விம்மி அழுதான். கீழேயிறங்கியபின் அவன் தந்தையார், ஊரார் முன் தலைகுனிந்ததாகக் கருதி, அவனை அறைந்தார். அதன்பின் நெடுங்காலம் யாரேனும் ‘ஒன்று, இரண்டு’ என்று தொடங்கினால் அச்சிறுவன் இரு கைகளாலும் காதை மூடிக்கொள்வான் என்று அவன் தாயார் என்னிடங் கூறினார்.

இன்று அவனுக்குப் பதினைந்து வயது. நல்ல பிள்ளை. கணக்கு மட்டும் அவனுக்கு வேம்பு. என் செயலொன்றே அதற்குக் காரணமென்று துணிந்து கூற என்னால் இயலாது. காரணமன்று என்று கூறவும் இயலவில்லை. இதுவே யான் ‘வேண்டா’ என்றதன் காரணம்.

நிற்க. குழந்தை ‘எண்ணுகிறது’ என்று நாம் சொல்கிறோமே, அது யாதென ஆராய்வோம். ஒன்று முதல் இருபது வரை ஒப்பித்தல் ஒரு தாலாட்டை ஒப்பித்தல் போன்றது. அது நாவின் பயிற்சி. எண்ணுதல் அதனின் வேறு. பொருளொன்றுக்குச் சொல்லொன்றாக வைத்து, ஒன்றையும் விடாமலும் ஒன்றை இருமுறை தொடாமலும் சென்று, இறுதியாகச் சொன்ன சொல்லே அத்தொகுதி முழுவதன் அளவு என்று உணர்தலே எண்ணுதல். பெரியோராகிய நமக்கு இது மிக எளிதாகத் தோன்றும். குழந்தைக்கோ ஒரு மலையேற்றம்.

சோதித்துப் பார்க்க விரும்புவோர் இன்று மாலையே பார்க்கலாம். இருபது வரை சொல்லும் இரண்டரை வயதுக் குழந்தையின் முன் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்து, ‘எனக்கு மூன்று பழந் தா’ என்று கேளுங்கள். கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளித் தரும். ஐந்து பழங்களை எண்ணச் சொல்லி, எண்ணி முடித்தவுடன் ‘மொத்தம் எத்தனை?’ என்று வினவுங்கள். விடை சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். இதனால் குழந்தை மந்தமென்று கருதற்க. முதலில் ‘ஒன்று’ என்பதன் பொருள் விளங்கும்; சில திங்கள் கழித்தே ‘இரண்டு’ விளங்கும்; மேலுஞ் சில திங்கள் கழித்து ‘மூன்று’. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதளவிலேதான் எண்ணுதலின் முழுப்பொருளும் உள்ளத்தில் உதிக்கின்றது என்று குழந்தை உளநூலார் பல நாடுகளிலும் ஆராய்ந்து கண்டிருக்கின்றனர்.

அளவைப் பற்றிய உணர்ச்சியோ சொல்லுக்கு முன்னரே பிறப்பது. அமெரிக்க நாட்டு உளநூலாராகிய கேரன் வின் என்னும் அம்மையார் 1992-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஐந்து திங்கட் குழந்தைகளின் முன் ஒரு பொம்மையை வைத்துத் திரையிட்டு மறைத்து, பின்னும் ஒரு பொம்மையைத் திரைக்குள் வைப்பதைக் காட்டித் திரையை விலக்கினார். உள்ளே இரண்டு இருந்தால் குழந்தைகள் சிறிது பார்த்துவிட்டுத் திரும்பின; சூழ்ச்சியாக ஒன்றையே விட்டுவைத்திருந்தால் நெடுநேரம் உற்று நோக்கின. பேச்சறியாப் பருவத்திலேயே, ஏதோ குறைகின்றதென்னும் வியப்புத் தோன்றிவிடுகின்றது. ஆகவே, எண்ணில் விருப்பம் என்பது ஒரு சில குழந்தைகளுக்குத் தெய்வம் தனியே அளித்த வரமன்று. எல்லாக் குழந்தைகளிடத்தும் உள்ள விதை அது. சிலவற்றில் முந்தி முளைக்கின்றது. சிலவற்றில் பிந்தி முளைக்கின்றது.

இனி, தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகின்றேன். நம் தமிழ் எண்ணுப்பெயர்களே ஒரு கணக்குப் பாடம். பத்தும் ஒன்றும் சேர்ந்து பதினொன்று; இருபத்து இருபது; முப்பத்து முப்பது. பெயரைப் பிரித்தால் கணக்குத் தெரியும். இவ்வெண்ணுப்பெயர்கள் ஒன்றோடொன்று புணரும் முறையைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் இறுதியிலுள்ள குற்றியலுகரப் புணரியலில் விரிவாக விதந்து ஓதியுள்ளார். அந்நெறியில் ஓரிடம் மட்டும் பிறழ்ந்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். எட்டுப் பத்து எண்பது. ஒன்பது பத்து ‘ஒன்பதுபது’ ஆகாமல் தொண்ணூறு ஆகின்றது. அவ்வாறே ஒன்பது நூறு தொள்ளாயிரம் ஆகின்றது.

என் தமக்கையாரின் பேத்தி சென்ற திங்கள் ‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்திப்பத்து’ என்றாள். அண்டை வீட்டார் நகைத்தனர். யான் நகைக்கவில்லை, உண்மையில் மெய்சிலிர்த்தேன். ‘இருபத்திப்பத்து’ என்னுஞ் சொல்லை அவளுக்குக் கற்பித்தவர் எவருமிலர். ஒருவர் சொல்லக் கேட்டு ஒப்பித்ததாயின் அச்சொல் அவள் வாயில் வந்திராது. தானே விதியைக் கண்டு, அவ்விதியின்படி தானே ஒரு சொல்லை ஆக்கியிருக்கின்றாள். எண்பத்தொன்பதுக்குப் பின் ‘ஒன்பதுபது’ என்று சொல்லுங் குழந்தை இலக்கணத்தில் பிழைத்தது, கணக்கில் பிழைக்கவில்லை. இத்தகைய பிழை நூறு வரை பிழையின்றி ஒப்பித்தலினும் உயர்ந்தது. அதைக் கேட்டவுடன் ‘தப்பு’ என்று அதட்டுதல், முளைத்த நாற்றைப் பிடுங்கிப் பார்த்தல் போலாகும். ‘ஆம், இருபத்தொன்பதுக்கு அடுத்து முப்பது’ என்று நாம் திருத்தமாகச் சொல்லிக்கொண்டு போனாற் போதும். அது தானே பற்றிக்கொள்ளும்.

மற்றொன்று. வாழைக்காயை மூன்று என்கிறோம். மக்களை மூவர் என்கிறோம். இரண்டு பழம், இருவர் வந்தனர். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் எண்ணுப்பெயரே வேறுபடும் மொழி நம்முடையது. மூன்று பழத்தை மூவர்க்குப் பங்கிட்டுக் கொடுக்குங் குழந்தை, அவ்விரு சொற்களும் ஒரே அளவைக் குறிப்பன என்பதைக் கையாலேயே அறிந்துகொள்கின்றது. இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டுவதில்லை. உண்ணும் இலையே போதும்.

நம் பாட்டன்மார் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண் எவ்வாறு பயிற்றப்பட்டது என்பதையும் சிறிது நினைவுகூர்வோம். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பவற்றை உரத்துப் பாடினர். கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று இறங்கி, முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி வரைக்கும் கீழ்வாய்க் கணக்கு அவர்கள் நாவில் நின்றது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் நிலம் அளத்தல், நெல் அளத்தல், பொன் நிறுத்தல் முதலிய வாழ்க்கைத் தொழில்களையே கணக்காக்கித் தந்தன. களத்தில் நெல் அளப்பவர் ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று தொடங்கி, ‘இரண்டு, மூன்று’ என்று மரக்காலை எடுத்துப் போடுவதை நம் பள்ளத்தாக்கின் முதியோர் இன்றும் எடுத்துரைப்பர். எண் அக்காலத்தில் ஏட்டில் மட்டும் இல்லை. களத்திலும் அடுக்களையிலும் சந்தையிலும் நடமாடியது. இது நாம் கொள்ளத்தக்கது.

தள்ளத்தக்கதும் அங்கு உண்டு. பிரம்படியும், பொருளறியாமல் ஒப்பிக்கும் வழக்கமும் அப்பள்ளிகளில் மிகுந்திருந்தன. அன்றியும், அக்கல்வி பெரும்பாலும் ஐந்து வயதளவிலேதான் தொடங்கிற்று என்பதையும், பெண்மக்கள் பலர்க்கு அத்திண்ணை எட்டாததாகவே இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. முன்னோர் செய்ததெல்லாம் பொன்னென்று சொல்லுதலும், பித்தளையென்று சொல்லுதலும் ஒருபாற் கோடுதலேயாகும்.

இனி, இருவர் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாமவர் சீனிவாச இராமானுஜன். 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார். தந்தையார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் எளிய குடும்பத்தவர். உலகம் வியந்த இக்கணித மேதை இரண்டு வயதில் என்ன செய்தார் என்று எண்ணுகிறீர்கள்? நூறு வரை ஒப்பித்தாரல்லர். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். மூன்று வயது வரையில் பேச்சே சரிவர வரவில்லை என்றும், குழந்தை ஊமையோ என்று வீட்டார் அஞ்சினர் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். காஞ்சிபுரத்தில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில், தரையிற் பரப்பிய அரிசியில் அவர் கைவிரலைப் பிடித்துத் தமிழெழுத்துக்களை வரையச் செய்தபோதுதான் மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. 1897-ஆம் ஆண்டில், பத்து வயது நிரம்புமுன், தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதல்வராக வந்தார். 1918-ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராயினார். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

இரண்டாமவர் சகுந்தலா தேவி அம்மையார். 1929-ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தவர். தந்தையார் சர்க்கசுத் தொழிலாளர். மூன்று வயதளவில் மகளுக்குச் சீட்டு வித்தை கற்பிக்கும்போது, அவள் எண்களை நினைவில் இருத்தும் ஆற்றலைக் கண்டு தந்தையார் வியந்தார். விரைவில் சர்க்கசை விட்டு மகளையே ஊரூராக அழைத்துச் சென்று காட்சி நடத்தலானார். ஆறு வயதில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அச்சிறுமி தன் திறமையைக் காட்டினாள். 1980-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் இலண்டனில் பதின்மூன்று இலக்கமுடைய இரண்டு எண்களை மனத்தாலேயே பெருக்கி 28 விநாடியில் விடை கூறினார்; 1982-ஆம் ஆண்டின் கின்னஸ் நூலில் அது பதிவாயிற்று. 2013-ஆம் ஆண்டில் காலமானார். அவர் புகழை யான் குறைத்துக் கூற வரவில்லை. நம் நாட்டுப் பெண்மகள் ஒருத்தி அடைந்த அப்புகழ் நமக்கும் பெருமையே. ஆனால், அவர் முறையான பள்ளிக்கல்வி பெற்றாரல்லர். குடும்பத்தின் ஊதியச்சுமை இளமையிலேயே அவர் தோளில் ஏறிற்று.

இவ்விரு வாழ்க்கையும் நமக்கு உணர்த்துவது யாது? மூன்று வயதில் எண்ணாத குழந்தை பெருங்கணிதர் ஆதலுங் கூடும். ஆகவே, எண்ணாத குழந்தையைப் பெற்றோர் வருந்தவேண்டா. மூன்று வயதில் வியக்கத்தக்க வகையில் எண்ணுங் குழந்தையும் குழந்தையே. அதற்கு விளையாட்டும் தோழரும் பள்ளியும் வேண்டும். அதன் திறமை பெற்றோர்க்கு அணிகலனன்று.

‘அப்படியாயின் என் குழந்தை எண்ணை விரும்புகின்றதே, யான் என்ன செய்வது?’ என்று தாய்மார்கள் கேட்கலாம். எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, குழந்தையின் பின்னே செல்லுங்கள், முன்னே இழுக்காதீர்கள். அது படியை எண்ணினால் உடன் எண்ணுங்கள். நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். எண்ணும்போது ஒவ்வொரு பொருளையும் தொட்டோ நகர்த்தியோ எண்ணுங்கள். முடிவில் ‘ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று தேங்காய்’ என்று தொகையையும் பொருளையுஞ் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்பித்தலை எண்ணுதலாக்கும் பாலம் அதுவே.

இரண்டாவது, வீட்டு வேலையில் குழந்தைக்கு ஒரு பங்கு கொடுங்கள். ‘ஆளுக்கொரு தட்டு வை’, ‘இரண்டு வெங்காயம் எடுத்து வா’, ‘இந்தக் கூடையில் கூடவா, அந்தக் கூடையில் கூடவா?’ என்பன போன்ற ஏவல்களே போதும். தோசையை அரையாகவும் காலாகவும் பிய்த்துத் தரும்போது அச்சொற்களைச் சொல்லித் தாருங்கள். கீழ்வாய்க் கணக்கின் வாயில் அங்கேயே திறக்கின்றது. எழுதப்படிக்க அறியாத பாட்டி எப்படிக் கற்பிப்பார் என்று எண்ணற்க. என் தமக்கையார் பள்ளி வாயிலை மிதித்தவரல்லர். ‘தம்பி, நான் என்ன பாடமா நடத்துறேன்? அவ கேக்குறா, நான் எண்ணுறேன்’ என்பார். இதனினுஞ் சிறந்த ஆசிரியப் பயிற்சியை யான் கண்டதில்லை.

மூன்றாவது, சிறு பொருள்களில் விழிப்பாயிருங்கள். பல்லாங்குழி எண் பயிலுதற்கு ஒப்பற்ற விளையாட்டு; பதினான்கு குழிக்கு ஐவைந்தாக எழுபது முத்து வைத்து ஆடுங்கால் கூட்டலுங் கழித்தலுந் தாமே வரும். ஆனால் அஃது ஐந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு உரியது. புளியங்கொட்டை, சோழி, நிலக்கடலை முதலியவை இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் மூச்சுக்குழலில் சிக்கினால் உயிர்க்கே கேடாம். நம் பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற திராட்சையும் அப்படியே. முழுப்பழமாகக் கொடாமல் நீளவாட்டில் நறுக்கித் தருக. சிறு குழந்தைக்குக் கொட்டாங்கச்சியும் எலுமிச்சையும் வாழைக்காயுமே ஏற்ற எண்ணுபொருள்கள்.

நான்காவது, கைப்பேசியில் எண்பாட்டைப் போட்டுக் குழந்தை முன் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்த்தல் கற்பித்தலாகாது. இரண்டு வயது நிரம்பாக் குழந்தைக்குத் திரைக்காட்சி வேண்டாவென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தினும் மிகலாகாதென்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியுள்ளது. திரை ‘ஐந்து’ என்று சொல்லும். குழந்தை ‘இருபத்திப்பத்து’ என்று சொன்னால் அதைக் கேட்டு மகிழ அதற்குச் செவி இல்லை. பாலர்க்கு மணிச்சட்ட வகுப்பும் வேண்டுவதன்று. அப்பணத்தைச் சேர்த்துவைத்துப் பின்னாளில் நூல் வாங்கிக் கொடுங்கள்.

ஐந்தாவது, ஓர் எச்சரிக்கை. குழந்தை எண்களிலேயே மூழ்கி, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், கண்ணோடு கண் நோக்காமல், வேண்டியதைச் சுட்டிக் காட்டாமல், பிற குழந்தைகளோடு சேராமல், பேச்சும் வளராமல் இருக்குமாயின், ‘பெரிய மேதை’ என்று பெருமிதங் கொண்டு வாளா இருத்தலாகாது. ஆட்டிசம் என்று மருத்துவர் கூறும் நிலையிலும் எண்ணெழுத்தில் பேரார்வம் முற்படத் தோன்றுவதுண்டு. அஃது இழிவன்று, எவர் செய்த பாவமுமன்று. ஆயினும் காலத்தே உதவி பெறுதல் நன்று. அங்கன்வாடியிலோ அரசு மருத்துவமனையிலோ குழந்தை மருத்துவரைக் கண்டு கேளுங்கள். 2013-ஆம் ஆண்டிலிருந்து குழந்தைகளின் வளர்ச்சியை ஆராய்ந்து உதவும் அரசுத் திட்டமொன்று நடைபெற்று வருகின்றது. இதில் நாணத்திற்கு இடமில்லை.

பெண்குழந்தைகளைப் பற்றியும் ஒரு சொல். ஆண்குழந்தை பேருந்தின் எண்ணைப் படித்தால் ‘இவன் பொறியாளன் ஆவான்’ என்கிறோம். பெண்குழந்தை அதையே படித்தால் ‘வாயாடி’ என்கிறோம். ஏலக்காய்ச் சுமையின் எடையையும் கூலியையும் விரல்விட்டு எண்ணிக் குடும்பத்தைக் காக்கும் நம் வீட்டுப் பெண்டிரின் கணக்கறிவை நாம் கணக்கென்றே மதிப்பதில்லை. அம்மதியாமை மகள்வழிப் பேத்திக்கும் இறங்காதவாறு பார்த்துக்கொள்ளுதல் நம் கடன்.

பள்ளிக்கல்வியின் தொடக்கத்தை நம் அரசும் கருதாமலில்லை. 2022-ஆம் ஆண்டில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகட்கு ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் பெயராலேயே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. ஆடலும் பாடலும் பொருள்களுங் கொண்டு பயிற்றுதல் அதன் நெறி. ஆகவே, வீட்டில் மூன்று வயதிலேயே வாய்பாட்டைத் திணித்துப் பள்ளியை முந்தவேண்டிய அவசியம் எவர்க்கும் இல்லை. விருப்பத்தோடு பள்ளி வாயிலை மிதிக்கும் குழந்தையை அனுப்புவதே பெற்றோர் செய்யத்தக்கது.

அன்பர்காள்! இறுதியாக, சங்கத்திற்கு இரண்டு விண்ணப்பங்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளை ஆண்டுவிழா மேடையில் ஒப்பிக்கச் செய்வதையும், அவர்கட்குப் பரிசுப் போட்டி நடத்துவதையும் இவ்வாண்டு முதல் நிறுத்திவிடலாமென்று தீர்மானிக்க வேண்டுகின்றேன். அதற்கென ஒதுக்கும் பதக்கப் பணத்தைக் கொண்டு, நம் தெருவிலுள்ள அங்கன்வாடிக்கு மரக்கட்டைகளும் பெரிய மணிகளும் வாங்கிக் கொடுக்கலாம். அவற்றை நம் சமூகத்துப் பிள்ளைகளே அன்றி அங்கு வரும் எல்லாக் குழந்தைகளும் எண்ணி விளையாடுவர். எண்ணுக்குக் குலம் இல்லை. நம் சங்கத்துக்கு அதனால் வரும் பெயர் பதக்கத்தினும் நெடுநாள் நிற்கும்.

இக்கூட்டத்திற்குப் புறப்படுமுன் அன்று மேடையில் அழுத சிறுவனின் வீட்டிற்குச் சென்றேன். இன்று நிகழ்த்தப்போகும் இவ்வுரையில் அவன் செய்தியைச் சொல்லலாமா என்று அவனையும் அவன் பெற்றோரையுங் கேட்டேன். தந்தையார் தலைகுனிந்து வாளா இருந்தார். அவன்தான், ‘பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள், ஐயா. இனி யாரையும் அப்படி நிறுத்தவேண்டா என்றும் சொல்லுங்கள்’ என்றான். அவன் சொற்படி சொல்லிவிட்டேன்.